முதல் பெட்டியில் அப்பா பெயர்

பிப்ரவரி 4

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் அம்மாவும் சுகம். அம்மாவின் முழங்கால் மட்டும் மாடி ஏறும்போது முனகுகிறது, இறங்கும்போது திட்டுகிறது. உன் கைத்தோல் எப்படி இருக்கிறது? சோப்புத் தண்ணீர் வெடிப்பு ஆறியதா?

போனில் பேசினால் பக்கத்துக் கட்டிலில் தூங்குபவள் விழித்துக்கொள்கிறாள் என்றாய். அதனால் மெயிலில் கடிதமாகவே எழுதுகிறேன். நீயும் ‘சரி’, ‘ம்’ என்று அனுப்பாமல் கடிதமாகவே எழுது.

விஷயத்துக்கு வருகிறேன். பொட்டலம் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையை விட்டுவிட்டேன். படியேறி இறங்குவது நான், லாபம் பார்ப்பது எங்கோ உட்கார்ந்திருப்பவன். நானும் ஒருமுறை உட்கார்ந்து சம்பாதித்துப் பார்க்கிறேன். இப்போது இணையப் பெயர் வாங்கி விற்கிறேன். ஒவ்வொரு கடைக்கும் கம்பெனிக்கும் இணையத்தில் ஒரு முகவரி வேண்டும் இல்லையா? ஒரு பெயர், ஒரு புள்ளி, புள்ளிக்குப் பின்னால் அந்தந்த நாட்டுக்கு ஒதுக்கிய இரண்டு எழுத்து. யார் முதலில் பதிகிறார்களோ அவர்களுக்கே அது சொந்தம். வருஷத்துக்கு ஒரு சின்னக் கட்டணம் கட்டினால் போதும். நல்ல சொல்லாகப் பார்த்துப் பதிந்து வைத்துக்கொண்டால், பிறகு அது இல்லாமல் முடியாது என்று ஒருவன் தேடி வருவான். விலையை நாம் சொல்லலாம்.

பேர் விற்கிறவன் என்று தெரு முழுக்கப் பரவிவிட்டது. கீழ்வீட்டுப் பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து, “தம்பி, கூப்பிட்டா வாய் நிறையற மாதிரி ஒரு பேர் சொல்லுங்க, காசு குடுத்துடறேன்” என்றாள். அம்மா உள்ளே போய்ச் சிரித்தாள்.

நீ வேலை பார்க்கும் நாட்டின் எழுத்துக்கு நல்ல கிராக்கி. ஆனால் அங்கே வசிப்பவர்கள்தான் பதிய முடியும் என்று விதி. உன் பெயரில் பதியட்டுமா? முகவரியும் வேலை பெர்மிட் அட்டையின் படமும் அனுப்பு. வேறு எந்தத் தொந்தரவும் வராது.

உன் தம்பி


பிப்ரவரி 20

தம்பிக்கு,

துணி காயவைக்கும் டிரையர் சுற்றும் நேரத்தில் இதை எழுதுகிறேன். கை பரவாயில்லை, இப்போது கையுறை தருகிறார்கள். அம்மாவை மாடியில்லாத வீட்டுக்கு மாற்றப் பார். முழங்கால் தானாகச் சரியாகாது.

நீ செய்வது பாதி புரிந்தது. காலி மனையில் கல்லை நட்டுவிட்டு, வீடு கட்ட வருபவனிடம் காசு கேட்பது. சரியா? திருட்டு இல்லை என்றால் செய். அட்டைப் படம் இணைத்திருக்கிறேன். முகவரி இந்தப் பெண்கள் ஹாஸ்டல்தான். இதுவும் கம்பெனிக்குச் சொந்தம். சம்பளத்தை வலது கையில் கொடுத்து இடது கையில் வாடகையாக வாங்கிக்கொள்கிறார்கள்.

ஒன்றை மட்டும் மண்டையில் ஏற்றிக்கொள். இந்த அட்டை செப்டம்பர் கடைசியில் முடிகிறது. புதுப்பிக்கக் கம்பெனியின் கையெழுத்து வேண்டும். அதுதான் கடைசிக் கையெழுத்து. அடுத்து வரும் அட்டையில் முதலாளி பெயர் இருக்காது. நான் எங்கே வேண்டுமானாலும் வேலை பார்க்கலாம். இத்தனை வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பது அதற்காகத்தான். அதுவரை என் பெயர் எந்த வம்பிலும் அடிபடக் கூடாது.

வேலை அதேதான். கம்பெனியின் எல்லா முதியோர் இல்லங்களிலிருந்தும் அழுக்குத் துணி இந்த நிலவறைக்கு வருகிறது. சூப்பர்வைசர் கழுத்தில் விசில் தொங்கும், நாங்கள் அவனையே விசில் என்போம். என் பெயர் நாக்கில் நிற்கவில்லை என்று முதல் நாளே முதல் இரண்டு எழுத்தை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை வெட்டிவிட்டான். சட்டையில் குத்தும் பட்டையிலும் அந்த இரண்டு எழுத்துதான்.

போன வாரம் மேலிடத்திலிருந்து கோட்டுப் போட்ட ஒருத்தி வந்து கூட்டம் நடத்தினாள். இனிமேல் முதியோர் என்று சொல்லக் கூடாதாம். அவள் புதிதாக ஒரு சொல் கொண்டுவந்திருந்தாள். நம் மொழியில் சொன்னால் ‘பொன்மாலை’ என்று வரும். “அவங்க எல்லாரும் வாழ்க்கையோட பொன்மாலையில இருக்காங்க. சிரிச்ச முகமா சொல்லிப் பழகுங்க.” நான் துவைக்கிற விரிப்பை அவள் பார்த்திருந்தால் அது என்ன பொன் என்று தெரிந்திருக்கும்.

அக்கா


மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மா நீ அனுப்பிய தைலத்தைப் பாதி தேய்த்துவிட்டு மீதியை ஒளித்து வைத்திருக்கிறாள். நானும் நன்றாக இருக்கிறேன். நீ சாப்பிடுகிறாயா, இல்லை பிஸ்கட்டில் காலம் தள்ளுகிறாயா?

உன் பெயரில் சில பெயர்கள் பதிந்துவிட்டேன். வாடகை, மருந்து, பழைய கார், இப்படி அந்த ஊர் மொழிச் சொற்கள். நல்லதில் பாதியை எவனோ முன்பே பிடித்து வைத்திருக்கிறான். இவற்றோடு சில்லறையாக இன்னும் ஒன்றிரண்டு இருக்கிறது, அதெல்லாம் உனக்கு எதற்கு.

விண்ணப்பத்தில் ஒரு கூத்து. பெயருக்கு இரண்டு பெட்டி கொடுத்திருந்தான். நமக்கு ஏது இரண்டு பெயர்? அப்பா பெயரின் முதல் எழுத்து முன்னால் நிற்கும், அவ்வளவுதான். இனிஷியல் போட்டால் ஏற்க மாட்டேன் என்றது. சரி என்று முதல் பெட்டியில் அப்பா பெயரை முழுசாக அடித்தேன், இரண்டாவதில் உன் பெயர். அனுப்பிய பிறகுதான் உன் அட்டையைக் கவனித்தேன். அதில் தலைகீழாக இருக்கிறது. உன் பெயர் முன்னால், அப்பா பெயர் குடும்பப் பெயராகப் பின்னால். போகட்டும், இரண்டும் நம் பெயர்தானே. திருவா திருமதியா என்று கேட்ட இடத்தையும் தொடாமல் விட்டிருக்கிறேன். அது தானாகவே ‘திரு’ என்று போட்டுக்கொண்டது.

அப்பா இருந்தவரைக்கும் அவர் பெயரில் ஒரு சைக்கிள்கூட இல்லை. போய்ச் சேர்ந்த பிறகு வெளிநாட்டில் சொத்து.

உன் தம்பி


மே 2

தம்பிக்கு,

கடிதம் எழுத இத்தனை நாளானதற்கு நோய் நொடி காரணமில்லை. துணி அதிகம், ஆள் குறைவு, அவ்வளவுதான். அம்மாவிடம் தைலத்தை ஒளிக்க வேண்டாம், இன்னும் அனுப்புகிறேன் என்று சொல்.

இங்கே ஒரே கூத்து. கம்பெனி பழைய பெயரை எடுத்துவிட்டது. புதுப் பெயர் என்ன தெரியுமா? அந்தக் கோட்டுக்காரி சொன்ன ‘பொன்மாலை’யேதான். வாசலில் பலகை மாறிவிட்டது, வண்டிகளில் எழுதிவிட்டார்கள், போர்வை ஓரத்தில்கூடத் தைத்திருக்கிறது. எங்களுக்குப் புது யூனிஃபார்ம். நெஞ்சில் பெரிதாகக் கம்பெனி பெயர், அதற்குக் கீழே குட்டியாக என் இரண்டு எழுத்து. யூனிஃபார்முக்கான காசை எங்கள் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்கள். அவர்கள் பெயரை நான் சுமக்க நான் காசு கொடுக்கிறேன். என் அறைக்காரி இஸ்திரிப் பிரிவில் இருக்கிறாள். அவள் புதுச் சட்டையைத் தேய்த்துக்கொண்டே, “நம்மளையும் ஒருநாள் மடிச்சு அடுக்கிடுவாங்க” என்றாள்.

உனக்குச் சிரிப்பு வரும் விஷயம் ஒன்று. விசில் நேற்று யாரிடமோ போனில் புலம்பிக்கொண்டிருந்தான். “எல்லாம் வந்துடுச்சு, வெப்சைட்டு மட்டும் வரல. அந்தப் பேரை எவனோ ஏற்கெனவே புடிச்சு வச்சிருக்கானாம். மேல இருக்கறவங்க பலகை மாட்டறதுக்கு முன்னாடி அதைப் பாக்க மாட்டாங்களா?” உன் தொழில்காரன் எவனோ நன்றாக மாட்டிவிட்டிருக்கிறான். எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அக்கா


மே 5

அன்புள்ள அக்காவுக்கு,

நீ சுகமாக இருக்க வேண்டும், உடம்பைப் பார்த்துக்கொள், கையில் களிம்பு தடவு, வேளைக்குச் சாப்பிடு. இங்கே எல்லாரும் அமோகம்.

உன் கடிதத்தைப் படித்து நன்றாகச் சிரித்தேன். அந்த வெப்சைட் கதையை மட்டும் வேறு யாரிடமும் பேசிக்கொண்டிருக்காதே. நமக்கெதற்கு?

நல்ல செய்தி. நான் வைத்திருக்கும் ஒரு பெயருக்கு ஆள் வந்திருக்கிறது. புரோக்கர் நடுவில் நின்று பேசுகிறான். இது நல்லபடியாக முடிந்தால் அம்மாவை மாடி இல்லாத வீட்டுக்கு மாற்றிவிடலாம். வீட்டைக்கூடப் பார்த்துவிட்டேன். வாசலிலேயே பஸ் நிற்கிறது.

உன் கம்பெனியில் வேறு என்னென்ன சொற்களெல்லாம் அடிபடுகிறது என்று அடுத்த கடிதத்தில் எழுது. சும்மாதான் கேட்கிறேன்.

உன் தம்பி


ஜூன் 17

தம்பிக்கு,

அம்மாவை நான் கேட்டதாகச் சொல். நான் உடம்பளவில் நலம்.

நேற்று வேலை முடிந்து வந்தபோது ஹாஸ்டல் வார்டன் எல்லாரையும் தாழ்வாரத்தில் நிற்க வைத்திருந்தாள். அவளுக்கு நாங்கள் வைத்த பெயர் சாவிக்கொத்து. இடுப்பில் அதைக் குலுக்கிக்கொண்டே, “இந்த ஹாஸ்டல்ல ஒரு ஆம்பள குடியிருக்கான். யார் ரூம்லன்னு இப்பவே சொல்லிடுங்க” என்றாள். அலமாரிகளைத் திறந்து பார்த்தார்கள். கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தார்கள். குளியலறைக் கதவைத் தட்டி, உள்ளே இருந்தவளை ஈரத்தலையோடு வெளியே வரவைத்தார்கள். இஸ்திரிக்காரி மட்டும், “கெடச்சா சொல்லுங்கக்கா, அலமாரி நகத்த ஆளில்லாம கெடக்கறோம்” என்றாள். யாரும் சிரிக்கவில்லை.

பிறகு சாவிக்கொத்து கையிலிருந்த உறையைக் காட்டினாள். கம்பெனியின் வக்கீல் அனுப்பிய நோட்டீஸ், இந்த ஹாஸ்டல் முகவரிக்கு. பெயரைப் படித்தாள். முதல் பெயரின் நடுவில் மூச்சு வாங்கினாள், இரண்டாவதின் கடைசியை விழுங்கினாள். எனக்கே முதலில் புரியவில்லை. பக்கத்தில் வந்தபோதுதான் எழுத்தைப் பார்த்தேன். திரு, அப்பா பெயர், என் பெயர். கம்பெனியின் ‘பொன்மாலை’ என்ற பெயரைப் பதிந்து வைத்திருக்கும் இந்த ஐயா அதை உடனே ஒப்படைக்க வேண்டுமாம்.

நம் அப்பாவைத் தேடித்தான்டா கட்டிலுக்கு அடியில் பார்த்திருக்கிறார்கள்.

ஆபீஸில் ஊழியர் பட்டியலையும் பார்த்திருக்கிறார்கள். அது குடும்பப் பெயர் வரிசையில் இருக்கும். அதில் நான் அப்பா பெயருக்குக் கீழே இருக்கிறேன். அவர்கள் தேடியது என் பெயருக்குக் கீழே. அப்படி யாரும் இல்லை என்று விட்டுவிட்டார்கள். நீ தலைகீழாக நிரப்பிய பெட்டியால் நேற்றுத் தப்பினேன். நாளைக்கு யாராவது இரண்டு பெயரையும் திருப்பிப் போட்டுப் பார்த்தால் முடிந்தது.

கேலியாக நான் எழுதிய ஒரு சொல். அதை எடுத்துக்கொண்டு போய் என் பெயரிலேயே பதிந்திருக்கிறாய். என்னிடமே மறைத்திருக்கிறாய். அதற்கு மேல் வேறென்ன சொல் இருக்கிறது என்று வேறு கேட்கிறாய்.

அதை இன்றைக்கே அவர்களிடம் கொடுத்துவிடு. காசு வாங்காதே. கொடுத்ததும் எழுது.

அக்கா


ஜூலை 3

தம்பிக்கு,

நீ நலமாகத்தான் இருப்பாய். பதில் வராததற்குக் காய்ச்சல் காரணமாக இருக்காது.

கோட்டுக்காரி திரும்ப வந்திருந்தாள். பலகை மாட்டுவதற்கு முன்பே அந்தப் பெயர் வெளியே போயிருக்கிறது, கூட்டத்தில் இருந்த யாரோதான் சொல்லியிருக்க வேண்டும் என்கிறாள். ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டு, “வெளிநாட்டுல உனக்கு யார் இருக்கா? அவங்க என்ன வேலை பாக்கறாங்க?” என்று கேட்டாள். தம்பி பொட்டலம் கொண்டுபோய்க் கொடுக்கிறான் என்று சொன்னேன்.

யார் என்று தெரியும்வரை எந்தப் பெர்மிட் காகிதத்திலும் கையெழுத்து இல்லையாம். என்னுடையதும் இஸ்திரிக்காரியுடையதும் இன்னும் இரண்டு பேருடையதும் மேனேஜர் மேஜை இழுப்பறையில் பூட்டிக் கிடக்கின்றன.

அக்கா


ஜூலை 5

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மா நலம். நானும் நலம், தூக்கம்தான் இல்லை.

கோபப்படு, ஆனால் முழுக்கக் கேட்டுவிட்டுக் கோபப்படு. புரோக்கர் சொன்ன தொகையை இங்கே எழுதக்கூட எனக்குப் பயமாக இருக்கிறது. நீ அந்த நிலவறையில் இன்னும் எத்தனை வருஷம் துவைத்தாலும் அதைப் பார்க்க மாட்டாய். நான் எந்தப் பூட்டையும் உடைக்கவில்லை. பெயர் காலியாக இருந்தது, பதிந்தேன். பலகை எழுதத் தெரிந்தவனுக்கு அதற்கு முன் பத்து நிமிஷம் செலவழித்துப் பெயரைப் பதியத் தெரியவில்லை. அந்த முட்டாள்தனத்துக்கு அவன் காசு கொடுக்கட்டும். உன்னிடம் சட்டைக்குக் காசு பிடித்தானே, அப்போது அவனுக்கு உறுத்தியதா? கட்டிலுக்கு வாடகை, சட்டைக்கு வாடகை, பெயரைக்கூட வெட்டி வைத்துக்கொண்டான். அவனிடமிருந்து ஒருமுறை, ஒரே ஒருமுறை, நாம் வாங்கினால் என்ன?

இன்னும் கொஞ்ச நாள்தான். அவர்கள் இறங்கி வருகிறார்கள். உன் அட்டைக்குச் செப்டம்பர் வரை நேரம் இருக்கிறது, அதற்குள் முடித்துவிடுவேன். உன் பங்கையும் ஒதுக்கி வைப்பேன்.

உன் தம்பி


ஜூலை 8

தம்பிக்கு,

அம்மாவின் முழங்காலுக்காக என்று சொல்லாமல் விட்டாயே, அதற்கு நன்றி.

அவர்களைப் பற்றி நீ எழுதியதில் ஒரு வரிகூடத் தப்பில்லை. எனக்கே நீ பாடம் நடத்த வேண்டியதில்லை, நான் அதற்குள்தான் வேலை செய்கிறேன். ஆனால் இந்தச் சூதாட்டத்தில் நீ எதைப் பணயம் வைத்திருக்கிறாய் என்று பார். உன் காசையா? உன் வேலையையா? அவர்கள் உன்னைத் தேடி வர மாட்டார்கள். என் கட்டிலுக்கு அடியில் பார்ப்பார்கள். இஸ்திரிக்காரி தன் மகளைக் கைக்குழந்தையாக விட்டுவிட்டு வந்தவள். அது இப்போது பள்ளிக்கூடம் போகிறது. புது அட்டை வந்ததும் கூட்டிக்கொண்டு வருவதற்குக் குட்டியாக ஒரு செருப்பு வாங்கி வைத்திருக்கிறாள். அளவு சரியாக இருக்குமா என்று தினமும் என்னைக் கேட்கிறாள். அவளுடைய காகிதமும் அதே இழுப்பறையில்தான் கிடக்கிறது. அவளுக்கும் பங்கு ஒதுக்கியிருக்கிறாயா?

விசில் என்னிடம் கேட்காமல் என் பெயரை வெட்டினான். நீ என்னிடம் கேட்காமல் அதை ஏலத்தில் விட்டாய். இரண்டு பேரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.

வக்கீல் பதிவு அலுவலகத்தில் புகார் கொடுத்துவிட்டாராம். உரிமையாளர் யார் என்று இனி அவர்கள் கேட்பார்கள். இது முடியும்வரை நான் எழுத மாட்டேன். நீயும் எழுதாதே.

அக்கா


ஆகஸ்ட் 21

அன்புள்ள அக்காவுக்கு,

எழுதாதே என்றாய். முடிந்துவிட்டது, அதனால் எழுதுகிறேன். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கும் தகுதி இல்லை. ஆனாலும் கேட்கிறேன்.

பதிவு அலுவலகத்திலிருந்து எனக்கு மெயில் வந்தது. உரிமையாளர் என்று எழுதியிருக்கும் பெயரில் அந்த நாட்டில் யாரும் வசிக்கவில்லை, அடையாள ஆவணம் அனுப்பினால் பெயரைத் திருத்திக்கொண்டு புகாரை விசாரிப்போம், அனுப்பாவிட்டால் அந்தப் பெயரில் உள்ள எல்லாப் பதிவும் ரத்து என்று. என்னிடம் அப்படி எந்த ஆவணமும் இல்லை என்று பதில் போட்டேன்.

ரத்தாகிவிட்டது. பொன்மாலை மட்டும் இல்லை, வாடகை, மருந்து, பழைய கார், எல்லாமே. பெயர் காலியானதும் உன் கம்பெனி அதைப் பதிந்துகொண்டது. வருஷக் கட்டணம் மட்டும் கட்டி. அதைப் பார்த்ததும் வயிறு எரிந்தது என்பதை மறைக்கவில்லை.

புரோக்கர் போனில் குதித்தான். “பைத்தியமாய்யா நீ? ஒரு அட்டை, ஒரு காகிதம், ஒண்ணுகூடவா உங்கிட்ட இல்ல?” லைன் சரியில்லை என்று வைத்துவிட்டேன். பிறகு படுத்தேன். எழுந்தபோது அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். “மூச்சு வருதான்னு பாத்துட்டிருந்தேன். இப்படித் தூங்கி எவ்வளவு நாளாச்சு” என்றாள்.

பழைய வேலைக்கே திரும்பிவிட்டேன். மாடி ஏறுவதற்குத் தனியாகக் காசு வேண்டும் என்று நாங்கள் கொஞ்சம் பேர் சேர்ந்து எழுதிக் கொடுத்திருக்கிறோம். கொடுக்க மாட்டார்கள், ஆனாலும் அடுத்த வாரமும் எழுதிக் கொடுப்போம். பெயர் வியாபாரத்தை விட்டுவிட்டேன் என்று சத்தியம் செய்ய மாட்டேன். செய்தால் என் பெயரில் செய்வேன்.

பேருந்து வாசலில் நிற்கும் அந்த வீட்டுக்கு வேறு யாரோ குடிவந்துவிட்டார்கள். அம்மாவிடம் கையைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி மாடி ஏற்றுகிறேன். அவளுக்கு அது பிடித்திருக்கிறது போலிருக்கிறது.

கையெழுத்து ஆனதா என்று மட்டும் எழுது.

உன் தம்பி


செப்டம்பர் 30

அன்புள்ள தம்பிக்கு,

அம்மாவுக்கும் உனக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லையே? எனக்கு இல்லை. உன் கடிதத்தை வைத்துக்கொண்டு ஒரு மாதத்துக்கு மேல் சும்மா இருந்தேன். நீ எனக்காகக் காத்திருந்து பார்க்கட்டும் என்று முதலில் நினைத்தேன். பிறகு, அட்டை கைக்கு வராமல் எதையும் எழுதப் பயமாக இருந்தது.

என் அட்டையின் படத்தைப் பிப்ரவரியிலேயே உனக்கு அனுப்பியிருந்தேன். உன்னிடம் எந்த ஆவணமும் இல்லை என்று அவர்களுக்கு எழுதியிருக்கிறாய். அந்த வரியைப் பலமுறை படித்தேன். அதைப் பற்றி நீயும் பேச வேண்டாம், நானும் பேச மாட்டேன்.

உன் கடிதம் வந்த வாரமே சாவிக்கொத்து எல்லாரையும் திரும்பக் கூப்பிட்டாள். இந்த முறை அவள் முகத்தில் அப்படி ஒரு தெளிவு. ஆணை ஒளித்து வைத்த ஹாஸ்டல் என்று அவளுடைய வேலையும் ஆடிக்கொண்டிருந்ததாம், எங்களுக்கு அது தெரியாது. “அந்த ஆள் இல்லவே இல்லையாம். பதிவு ஆபீஸ்லயே எழுதிக் குடுத்துட்டாங்க. யாரோ சும்மா ஒரு பேரைப் போட்டிருக்கான். போங்க, போய் வேலையைப் பாருங்க” என்றாள். அப்பா இல்லை என்பது எனக்குத் தெரியும், ஆனால் இப்படிச் சந்தோஷமாக ஒருத்தி அதைச் சொல்லிக் கேட்பேன் என்று நினைக்கவில்லை. அறைக்கு வந்து தண்ணீர் குடித்தேன்.

மேனேஜர் இழுப்பறையைத் திறந்து நாலு காகிதத்தையும் எடுத்து, போனில் வேறு யாரிடமோ பேசிக்கொண்டே வரிசையாகக் கையெழுத்துப் போட்டார். நிமிர்ந்து பார்க்கவில்லை. நாங்கள் இரண்டு மாதத்துக்கு மேல் அதற்காகச் சோறு இறங்காமல் இருந்தோம், அவருக்கு அரை நிமிஷம்கூட ஆகவில்லை. திரும்பி வரும்போது இஸ்திரிக்காரி படியில் உட்கார்ந்து சத்தமாக அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, “செருப்பு கண்டிப்பா சின்னதா போயிருக்கும், வேற வாங்கணும்” என்றாள்.

புதன்கிழமை புது அட்டை வந்தது. முதலாளி என்ற இடமே அதில் இல்லை. விரலால் தடவிக்கூடப் பார்த்தேன். உடனே வேலையை விடப் போவதில்லை, அதற்கு வேறு இடம் பார்க்க வேண்டும், பார்க்கிறேன். ஆனால் மறுநாள் விசில் கையில் அட்டவணையோடு வந்து நின்றான்.

“ஞாயித்துக்கெழமை ரெண்டு ஷிஃப்டும் நீயே பாத்துக்கோ.”

“முடியாது” என்றேன்.

நான் சொன்னதா பக்கத்தில் வேறு யாராவது சொன்னதா என்று அவன் சுற்றிலும் பார்த்தான். “என்ன?”

“முடியாதுங்க. ஞாயித்துக்கெழமை எனக்கு லீவு. நான் தூங்கப் போறேன்.”

வேறு பெயர் எழுத இஸ்திரிக்காரியைப் பார்த்தான். அவள் தேய்ப்பதை நிறுத்தாமலே தலையை இரண்டு பக்கமும் ஆட்டினாள். பேனாவைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு போய்விட்டான். ஒன்றும் ஆகவில்லை தம்பி. டிரையர் அதுபாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது.

இன்றைக்கு ஞாயிறு. ஜன்னலில் வெயில் அடிக்கிறது, மணி என்ன என்று பார்க்கவில்லை. பக்கத்துக் கட்டிலில் அவள் குறட்டை விடுகிறாள். இதை அனுப்பிவிட்டு நானும் மறுபடி படுக்கப் போகிறேன்.

அக்கா